இரும்புக் கலத்துள் ஓர் எலுமிச்சம்பழம்

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பக்கத்திலே நிலாவரைக் கிணறு என்றொரு வற்றாத நீர்நிலை உண்டு. அதனுள் ஓர் எலுமிச்சம்பழத்தை இட்டால், அது நிலத்தின் கீழாகப் பயணஞ் செய்து கீரிமலைக் கேணியிலே வந்து மிதக்கும் என்று முதியோர் சொல்லக் கேளாத பிள்ளை எம்மவருள் இல்லை எனலாம். பழத்தை இட்டவர் யார், எடுத்தவர் யார் என்று விசாரிக்கப் புகுந்தால் கதை கலைந்துவிடும். ஆயினும் இதனைப் புனைந்தவரின் மதிநுட்பத்தை மெச்சாதிருக்க முடியாது. கண்ணுக்குப் புலனாகாத இடத்திலே நீர் எவ்வழியாக ஓடுகின்றதென்று அறிய வேண்டுமாயின், அந்நீரோடு கூடச் செல்லும் அடையாளம் ஒன்றை ஓரிடத்தில் இட்டு, மற்றோரிடத்திலே காத்திருக்க வேண்டும். இக்காலத்துப் பெருந் தொழிற்சாலைகளிலே பொறியியலாளர் செய்வதும் அதுவேயாம்.

கதையில் இரண்டு குறைகள் உள. எலுமிச்சம்பழம் மிதக்கும்; நீர் மிதப்பதில்லை. பாறை வெடிப்பு ஒன்றினூடாக நீர் இலகுவில் நுழைந்துவிடும், பழம் சிக்கிக்கொள்ளும். ஆகவே பழம் சென்ற வழி நீர் சென்ற வழியென்று கொள்ளுதல் பொருந்தாது. அடையாளமாக இடப்படும் பொருள், தான் பின்தொடரும் பொருளைப் போலவே எல்லா வகையிலும் நடந்துகொள்ள வேண்டும். இரண்டாவது குறை, பழம் ஒன்றேயாதல். ஒரு பழம் ஒரு வழியையே காட்டும். நீரோ பல வழிகளாற் பிரிந்து, சில துளிகள் விரைந்தும் சில துளிகள் தங்கியும் செல்வது. இவ்விரண்டு குறைகளையும் நீக்கிய எலுமிச்சம்பழமே கதிர்வீசும் சுவடு காட்டி.

இதன் தேவை எங்கு எழுகின்றதென்று முதலிற் பார்ப்போம். எமது கல்லூரி ஆய்வுகூடத்திலே பிரிபுனல் என்னும் கண்ணாடிக் கலம் உண்டு. அயடீன் சிறிது கரைந்த பழுப்பு நிற நீரை அதில் வார்த்து, நீரோடு கலவாத எண்ணெய்த் தன்மையுள்ள திரவமொன்றைச் சேர்த்துக் குலுக்கி வைத்தால், அயடீன் நீரைக் கைவிட்டு மற்றத் திரவத்திற் குடிபுகும். அத்திரவம் அழகிய ஊதா நிறங் கொள்வதைக் கண்டு மாணவர் வியப்பர். ஒரு திரவத்திற் கரைந்துள்ள பொருளை வேறொரு திரவத்தைக் கொண்டு பிரித்தெடுக்கும் இம்முறைதான், பெனிசிலின் மருந்தை அதன் ஊறல் நீரிலிருந்து எடுப்பதற்கும், இயந்திர எண்ணெயைச் சுத்திகரிப்பதற்கும், அணு உலைகளிற் பயன்படுத்தித் தீர்ந்த எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூத்தோனியத்தையும் மீட்பதற்கும் பயன்படுகின்றது.

பிரிபுனலிற் குலுக்குவது கையளவு வேலை. தொழிற்சாலையிலோ, பனைமரம்போல் உயர்ந்து நிற்கும் உருக்குக் கோபுரங்கள். கனத்த திரவம் மேலிருந்து இறங்க, இலேசான திரவம் சிறு துளிகளாகக் கீழிருந்து ஏற, இரண்டும் எதிரெதிராகச் சந்தித்துக் கொள்கின்றன. சில கோபுரங்களினுள்ளே துளையிட்ட தட்டுகளை அடுக்கி, திரவம் முழுவதையும் மேலுங் கீழுமாகத் துடிக்கச் செய்வார்கள். இத்தகைய துடிப்புக் கோபுரத்துக்கு 1935ஆம் ஆண்டிலே வான் டைக் என்பவர் உரிமம் பெற்றார். உள்ளே சுழலும் உறுப்பு எதுவும் இல்லாமையால் உட்புகுந்து பழுதுபார்க்கும் தேவை குறைவு. மனிதர் அணுக முடியாத அணு எரிபொருள் ஆலைகளில் இது விரும்பப்படுவதற்குக் காரணம் அதுவே.

ஆனால் உருக்குச் சுவருக்குள் என்ன நடக்கின்றதென்று யார் கண்டார்? ஏற வேண்டிய துளி ஏறுகின்றதா, அன்றித் துடிப்பினால் இழுபட்டு மீண்டும் கீழே வருகின்றதா? ஒரு மூலையிலே திரவம் தேங்கிக் கிடக்கின்றதா? உள்ளே வந்த திரவத்தின் ஒரு பங்கு குறுக்குவழியாக ஓடி, தன் கடமையைச் செய்யாமலே வெளியேறுகின்றதா? வரைபடத்திலே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். வெளிவரும் சரக்கு மட்டும் குறைந்துகொண்டே போகும்.

இவ்வினாக்களுக்கு விடை தரும் கருவி, தொழிற்சாலை பற்றி எண்ணாத ஒருவரின் தோல்வியிலே பிறந்தது. ஹங்கேரி நாட்டவரான ஜோர்ஜ் டி ஹெவெசி 1911ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே மாஞ்செஸ்டர் நகருக்கு வந்து, பேராசிரியர் இரதர்போர்டின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். ஆங்கே நூற்றுக்கணக்கான கிலோ ஈயம், யுரேனியத் தாதுவிலிருந்து கிடைத்தது, ஒரு மூலையிற் கிடந்தது. அதனுள் ‘ரேடியம் டி’ எனப்பட்ட கதிர்வீசும் பொருள் மறைந்திருந்தது. ஈயத்திலிருந்து அதனைப் பிரித்துத் தருமாறு பேராசிரியர் பணித்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் முயன்றும் ஹெவெசியால் அணுவளவும் பிரிக்க முடியவில்லை. முடியாதது இயல்பே, ரேடியம் டி என்பதும் ஈயமே. நிறையில் மட்டும் வேறுபட்ட, இரசாயன இயல்பில் ஒன்றேயான, சமதானி என்று நாம் இன்று வகுப்பிற் கற்பிக்கும் உறவு அது.

வேறொருவராயின் சலித்துப்போய் ஊர் திரும்பியிருப்பார். ஹெவெசியோ, பிரிக்கவே முடியாத ஒன்றென்றால் அதனைவிடச் சிறந்த அடையாளம் வேறெது என்று சிந்தித்தார். ஈயம் எங்கு சென்றாலும் அது கூடச் செல்லும். செல்லுமிடத்திலிருந்து கதிர் வீசித் தன் இருப்பையும் அறிவிக்கும். 1913ஆம் ஆண்டில் வியன்னாவிலே பானெத் என்பவருடன் கூடி, நீரிற் கரைவதே அரிதான ஈய உப்புகள் எவ்வளவு கரைகின்றன என்பதை இம்முறையால் அளந்தார். 1923இல், கோப்பன்ஹேகனிலே, அவரைக் குடும்பத்துச் செடியொன்று ஈயத்தை வேரால் உறிஞ்சி எங்கெங்கே கொண்டுசெல்கின்றதென்று கண்டார். 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு அவருக்கு இதன் பொருட்டே வழங்கப்பெற்றது.

அவர் தாமே சொல்லி மகிழ்ந்த கதையொன்றும் உண்டு. மாஞ்செஸ்டரில் அவர் தங்கியிருந்த விடுதி அம்மையார், மிஞ்சிய இறைச்சியை மறுபடியும் பின்னைய நாட்களிற் பரிமாறுவதாக அவருக்கு ஐயம். கேட்டபோது அம்மையார் மறுத்தார். ஒருநாள் தம் தட்டில் மிஞ்சியதிலே கதிர்வீசும் பொருள் மிகச் சிறிதளவு இட்டுவைத்தார். சில நாட்களின் பின் வந்த பதார்த்தத்தின் அருகே மின்காட்டியைப் பிடித்தார். அது உண்மையைச் சொல்லிவிட்டது. விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இதனைப் பின்பற்றலாகாது. 

இவ்விடத்தில் எம் நாட்டுப் பெருமையொன்றையும் சொல்லாது அப்பாற் செல்ல மனம் வரவில்லை. 1923ஆம் ஆண்டுச் செடிச் சோதனையிற் பயன்பட்ட ஈயச் சமதானி தோரியத்தின் வழித்தோன்றல். தோரியம் மிகுந்த தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904ஆம் ஆண்டளவில் சப்பிரகமுவாப் பகுதியிலே கண்டறிந்தவர், அக்காலத்தில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி. கலைப் புலவராகவே அவரை நாம் அறிவோம். கல்லைத் தட்டிப் பார்த்த குமாரசுவாமியை மறந்துவிட்டோம். அவ்விலங்கைக் கல்லிலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்தே, ஒட்டோ ஹான் 1905ஆம் ஆண்டளவில் இலண்டனில் ‘ரேடியோதோரியம்’ என்பதைக் கண்டார். மேற்சொன்ன ஈயச் சமதானிக்கு அது முன்னோர் வரிசையில் நிற்பது.

இனித் தொழிற்சாலைக்கு வருவோம். சோதனை செய்யும் முறை பார்வைக்கு எளிது. கலத்தினுட் புகும் குழாயிலே சுவடு காட்டியைச் சிறிதளவு, ஒரே கணத்தில், ஊசி மருந்து ஏற்றுவதுபோற் செலுத்துவார்கள். புகுவாயிலிலும் வெளிவாயிலிலும், வேண்டுமாயின் கோபுரத்தின் பக்கங்களிலும், ஈயக் கவசமிட்ட உணர்கருவிகளைப் பொருத்துவார்கள். அவற்றினுள் இருப்பது சோடியம் அயடைட்டுப் பளிங்கு. காமாக் கதிர் பட்டதும் அது மின்மினிபோற் கணநேரம் ஒளிரும். அவ்வொளியை எண்ணினால், எக்கணத்தில் எவ்வளவு சுவடு காட்டி அவ்விடத்தைக் கடந்ததென்பது தெரியும். காமாக் கதிர் உருக்குச் சுவரையும் ஊடுருவி வருவதால் கலத்தைத் திறக்கவோ, வேலையை நிறுத்தவோ, துளியேனும் வெளியே எடுக்கவோ வேண்டியதில்லை. சாயத்துக்கு இச்சிறப்பு இல்லை. கறுத்த எண்ணெயினுள்ளே சாயத்தை யார் காண்பது?

எப்பொருளை இடுவது என்பதிலேதான் அறிவு வேண்டும். நீரைப் பின்தொடர நீரிற் கரைவது. எண்ணெயைப் பின்தொடர எண்ணெயிற் கரைவது. சுவர் மெல்லியதாயின் தெக்னீசியம்-99எம் போதும். சுவர் தடித்ததாயின் வலிமை மிக்க கதிர் வீசும் புரோமீன்-82, இலந்தனம்-140 ஆகியவற்றை நாடுவர். வீரியம் பாதியாகும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்கிறோம். தெக்னீசியத்துக்கு அது 6 மணி; புரோமீனுக்கு ஏறத்தாழ 35 மணி; இலந்தனத்துக்கு 40 மணி. சோதனை முடியும்வரை நிலைத்திருந்து, முடிந்தபின் விரைவில் அழிந்துபோவதே நல்ல சுவடு காட்டி. தெக்னீசியத்தைப் பெறும் விதமும் வேடிக்கையானது. மொலிப்தனம்-99 என்னும் தாய்ப்பொருளை ஒரு சிறு கலத்தில் அடைத்து வைத்திருப்பார்கள். அது அழிய அழியத் தெக்னீசியம் ஊறும். உப்புநீர் விட்டு அதனைக் கழுவி எடுப்பதைப் ‘பால் கறத்தல்’ என்றும், அக்கலத்தைப் ‘பசு’ என்றுமே விஞ்ஞானிகள் செல்லமாக அழைக்கின்றனர்.

வெளிவாயிலில் எண்ணிய எண்ணிக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு மலைபோன்ற வளைகோடு கிடைக்கும். இதனை வாசிக்கும் கலையைச் செம்மைப்படுத்தியவர் டாங்க்வெர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1940ஆம் ஆண்டில் இலண்டன்மீது வான்குடைகளில் வீழ்ந்த கண்ணிவெடிகளை அச்சமின்றிச் செயலிழக்கச் செய்து ஜோர்ஜ் சிலுவை விருது பெற்ற வீரர் அவர். திரவத்தின் ஒவ்வொரு பங்கும் கலத்தினுள் எவ்வளவு நேரம் தங்குகின்றது என்பதைப் பற்றி 1953இல் அவர் எழுதிய கட்டுரையை, அத்துறை மாணவர் இன்றும் கற்கின்றனர்.

அதன் சாரத்தைக் கணக்கொன்றால் விளக்குவோம். 12 கன மீற்றர் கொள்ளும் கலத்தினூடாக மணிக்கு 3 கன மீற்றர் திரவம் ஓடுகின்றதென்க. பன்னிரண்டை மூன்றால் வகுக்க, சராசரியாக 4 மணி நேரம் திரவம் உள்ளே தங்க வேண்டும். சுவடு காட்டியின் சராசரியோ 3 மணி என்று வந்தால், 9 கன மீற்றர் இடமே வேலை செய்கின்றது. எஞ்சிய காற்பங்கு தூங்குகின்றது. பணங் கொடுத்துக் கட்டிய கலத்திலே நாலிலொன்று வீண்.

சரி, சராசரி 4 மணி என்றே வந்துவிட்டால் திருப்தியடையலாமா? அதுவும் ஆகாது. இரண்டு கலங்களை எடுத்துக்கொள்வோம்; இரண்டினதும் சராசரி 4 மணியே. முதற் கலத்திலே, அணிவகுத்துச் செல்லும் படைபோல, திரவம் முழுவதும் சரியாக 4 மணியில் வெளிவருகின்றது. இரண்டாவது கலத்திலே, உள்ளே வந்த கணத்திலேயே எல்லாம் கலந்துவிடுகின்றது. இந்த இரண்டாவதில், நூற்றுக்கு 22 பங்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வெளியேறிவிடும். 13 பங்குக்கு மேல் 8 மணி கடந்தும் உள்ளே கிடக்கும். விரைந்து ஓடியது வேண்டிய அளவு மாறாது; தேங்கிக் கிடந்தது கெட்டுப்போகவுங் கூடும். பரீட்சைப் புள்ளிகளின் சராசரியைக் கண்டு வகுப்பு நன்றாயிருக்கின்றது என்று மகிழும் அதிபர்களை நாம் அறிவோம். புள்ளிகள் எவ்வாறு பரந்திருக்கின்றன என்று அவர்கள் கேட்பதில்லை.

இரு திரவங்கள் எதிரெதிராக ஓடும் கோபுரத்திலே சிக்கல் இன்னும் பெரிது. தூய கரைப்பான் கீழே புகுந்து, ஏறுந்தோறும் பொருளைச் சேர்த்துக்கொண்டு, உச்சியில் நிறைந்து வெளியேற வேண்டும். இடையிலே நிறைந்த திரவம் பின்வாங்கிக் கீழிறங்கி வெறுந் திரவத்தோடு கலந்துவிட்டால், ஏறிய படிகளெல்லாம் வீணாகின்றன. சிறு மாதிரிக் கோபுரத்தில் நன்றாக நடந்தது பெருங் கோபுரத்தில் நடவாமற் போவதற்கு இப்பின்கலப்பு முக்கிய காரணம். அகன்ற கோபுரங்களிலே, உயரத்திற் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இந்நட்டத்தை ஈடுசெய்வதற்கே கட்டப்படுவதும் உண்டு. ஆதலால், இரண்டு திரவங்களையும் தனித்தனியே அடையாளமிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு பரவுகின்றதென்று அளக்கிறார்கள். பாக்கிஸ்தானிலே 2009ஆம் ஆண்டளவில், மண்ணெண்ணெயும் நீரும் எதிரெதிராக ஓடிய துடிப்புக் கோபுரமொன்றில், மேற்சொன்ன தெக்னீசியத்தைக் கொண்டே இவ்வாய்வு நடத்தப்பெற்றது. கணனியிலே ஓட்டத்தைக் கணித்துப் படமாகக் காட்டும் வசதி இன்று வந்துவிட்டது. எனினும் கணிப்பு சரிதானா என்று ஒப்புநோக்க இவ்வளைகோடு இன்றும் வேண்டப்படுகின்றது.

இவ்வளவும் வாசித்த இல்லத்தரசியார் ஒருவர், “கதிர்வீசும் பொருளையா ஆலைகளில் ஊற்றுகிறார்கள்!” என்று திடுக்கிடுவது எமக்குக் கேட்கின்றது. அவ்வச்சத்தை எள்ளி நகையாட நாம் ஒருப்படோம். 1987ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுக் கோயானியா நகரிலே, கைவிடப்பட்ட வைத்தியக் கருவியொன்றினுள் இருந்த சீசியம்-137 திருடர் கையில் அகப்பட்டு, நீல ஒளி வீசுகின்றதே என்று வீடுவீடாகப் பங்கிடப்பட்டது. நால்வர் மாண்டனர், அவருள் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. அப்பொருளின் அரைவாழ்வு 30 ஆண்டுகள். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமையும் பேதைமையே. ஆனால் என்ன பொருள், எவ்வளவு, எவ்வளவு காலம், யார் பொறுப்பில் என்னும் நான்கு வினாக்களைக் கேட்டபின் அஞ்சுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தமக்கையாருக்குக் கொழும்பிலே எலும்புப் பரிசோதனை நடந்தது. ஆலைகளில் இடும் அதே தெக்னீசியத்தைத்தான் அவர் நாளத்திலும் ஏற்றினார்கள். மாலையில் வெள்ளவத்தையிலுள்ள மகள் வீட்டுக்கு வந்தவர், ஓடிவந்த இரண்டு வயதுப் பேர்த்தியைக் கண்டதும் இரு கைகளையும் பின்னாற் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார். பிள்ளை அழுதது. அவர் கண்ணும் கலங்கியது. “தம்பி, நான் இனிப் பிள்ளையைத் தூக்கலாமோ? எத்தனை மாசம் பொறுக்கவேணும்?” என்று எம்மைக் கேட்டார். “மாசமில்லை அக்கா. டாக்டர் சொன்னபடி இண்டைக்கு மட்டும் தள்ளி இருங்கோ” என்றோம். அது அவருக்குப் போதவில்லை. ஒரு தாளை எடுத்து, 6 மணியில் பாதி, 12 மணியில் கால், 24 மணியில் பதினாறிலொன்று, 60 மணியில் ஆயிரத்து இருபத்துநாலில் ஒன்று என்று எழுதிக் காட்டினோம். உடல் தானாகக் கழித்துவிடுவது இக்கணக்கிற் சேரவில்லை என்றும் சொன்னோம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவராயினும் எம் தமக்கையார் கணக்கிலே கெட்டிக்காரி. ஒவ்வொரு வரியையும் விரல்விட்டுச் சரிபார்த்தார். மறுநாள் மாலை பேர்த்தி அவர் மடியில் இருந்தது. அத்தாளை அவர் மடித்துத் தேவாரப் புத்தகத்தினுள் வைத்திருக்கிறார்.

ஆலைச் சோதனைக்கும் இந்நான்கு வினாக்களே பொருந்தும். உரிய அனுமதி பெற்ற, பயிற்சியுள்ளவர்கள், வேண்டிய மிகக் குறைந்த அளவையே இடுகின்றனர். வெளிவரும் திரவம் அடங்கும்வரை கண்காணிக்கின்றனர். எம் அபிப்பிராயத்தைக் கேட்டால், கண்ணாடிக் கலத்திலே சாயத்தால் அறியக்கூடியதை அறியக் கதிர்வீசும் பொருளைத் தொடவே கூடாது என்போம். சுவர் உருக்காயும், திரவம் இருளாயும், வேலை நிறுத்த முடியாததாயும் உள்ள இடத்துக்கே அது உரியது.

மாணவர் செய்து பார்க்கத் தக்க சோதனை ஒன்று உண்டு. அகன்ற வாயுள்ள ஒன்றரை இலீற்றர் போத்தல் ஒன்றுக்கு இரண்டு துளையுள்ள மூடியிட்டு, ஒரு குழாயால் நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர் நீர் புகவும், மற்றதால் வெளியேறவும் செய்க. சராசரி 15 நிமிடம். ஒரு கணத்திலே கொண்டீஸ் கரைசல் சிறிது செலுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை வெளிவரும் நீரைச் சோதனைக் குழாய்களில் ஏந்தி வரிசையாக நிறுத்துக. எம் வகுப்பிலே இதனைச் செய்தபோது, கால் மணி நேரம் பொறுத்தே நிறம் வருமென்று பலரும் எழுதிவைத்தனர். இரண்டாம் நிமிடத்துக் குழாயே ஊதாவாயிருந்தது. நாற்பதாம் நிமிடத்துக் குழாயை வெண்தாளின் முன்னே பிடித்தபோதும் இளஞ்சிவப்பு மாறவில்லை. புகுகுழாயின் நுனியை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கினால் இந்த வால் குறுகும் என்று பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள். அடுத்த பாடவேளை முழுவதும் அதற்கே போயிற்று.